பழைய சாஃப்ட்வேரை ஒரே நாளில் தூக்கிப் போடாதீர்கள்

ராணிப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையில் இன்னும் விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில்தான் பெரும்பாலான கணக்கு ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2015-லேயே நிறுத்திவிட்டது. அதற்காக மொத்தத்தையும் புதிதாக எழுத உட்காராதீர்கள். எழுதி முடிப்பதற்குள் தேவையே மாறிவிடும்.

பனைமரத்தைச் சுற்றி ஆலமரம் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பகுதி பகுதியாகப் புதியதால் மாற்றுங்கள். 2004-ல் மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் இந்த முறைக்கு அப்படிப்பட்ட அத்தி இன மரத்தின் பெயரைத்தான் வைத்தார்.

முதலில் பழைய நிரலுக்கு முன்னால் ஒரு மெல்லிய அடுக்கு வையுங்கள். எல்லாத் திரைகளும் அதன் வழியாகவே டேட்டா கேட்கட்டும். அப்புறம் ஸ்டாக் அறிக்கை மாதிரி, வெறுமனே படிக்கும் பகுதி ஒன்றைப் புதிய பக்கம் திருப்புங்கள். மாதக் கணக்கு முடியும் வரை இரண்டையும் ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள். எங்களுக்கு மொத்த அளவு ஒத்துவரவே இல்லை. தேடிப் பார்த்தால், பழைய நிரல் ஒவ்வொரு தோலின் பரப்பளவையும் கால் சதுர அடிக்கு முழுமையாக்கியிருக்கிறது! எந்த ஆவணத்திலும் அது இல்லை. இப்படிக் கிடைப்பதையெல்லாம் புதிய நிரலைச் சோதிக்கும் டெஸ்டாக எழுதி வையுங்கள்.

டேட்டா இருக்கும் ஒரே டேபிளில் பழையது, புதியது என இரண்டு பக்கமும் எழுத விடாதீர்கள், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தகராறு வந்தால் அடுக்கில் ஒரு ஸ்விட்சை மாற்றிப் பழையதற்கே திரும்பிவிடலாம்.