முன்சக்கர டிஸ்க் பிரேக் காலிப்பரைப் பிரித்துச் சரிசெய்யும் முறை

பிரேக் லீவரை விட்ட பிறகும் முன்சக்கரம் சுழலத் தயங்கினால், பெரும்பாலும் காலிப்பருக்குள், அதாவது பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்திக் கவ்வும் பாகத்துக்குள், பிஸ்டன் இறுகியிருக்கும். இரண்டு பிஸ்டன்களும் ஒரே பக்கத்தில் உள்ள, பல 150 சிசி பைக்குகளில் காணப்படும் நகரும் வகைக் காலிப்பரை இங்கே எடுத்துக்கொள்வோம். ஏபிஎஸ் உள்ள வண்டியானால் கடைசியில் பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும் முறை வேறுபடலாம் என்பதால், அதன் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டனை வெளியே தள்ளுவது பிரேக் ஆயிலின் அழுத்தம். திரும்ப உள்ளே இழுப்பது ஸ்பிரிங் அன்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள, சதுர வெட்டுமுகம் கொண்ட ரப்பர் சீல்தான் அது. லீவரை அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே வளையும் இந்தச் சீல், லீவரை விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துவிடுகிறது. சீல் கெட்டாலோ, அது அமர்ந்திருக்கும் பள்ளத்தில் அழுக்கு சேர்ந்தாலோ, பேடை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

முதலில் பெட்ரோல் டேங்கை ஈரத்துணியால் மூடுங்கள். பிரேக் ஆயில் பெயின்டை அரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காலிப்பரைக் கழற்றிப் பேடுகளை எடுத்த பின், ஆயில் வரும் ஹோஸைக் கழற்றாமலேயே லீவரை மெதுவாக அழுத்திப் பிஸ்டன்களை வெளியே வரவழையுங்கள். ஒரு பிஸ்டன் முந்திக்கொண்டு வந்தால் அதை ஒரு மரத்துண்டால் தடுத்துப் பிடித்தால் மற்றதும் நகரும். இரண்டும் கையால் இழுக்கும் அளவுக்கு வந்த பிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும். முதன்முறை நான் ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் பிஸ்டனோடு ஒரு மாலைப்பொழுது முழுவதும் மல்லுக்கட்டினேன். கம்ப்ரஸர் காற்றைப் பாய்ச்சிப் பிஸ்டனை எடுப்பவர்களும் உண்டு; துப்பாக்கிக் குண்டைப் போல அது பாய்ந்து விரலை நசுக்கிவிடும் என்பதால் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அது வேண்டாம்.

இனி வருவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. ஒவ்வொரு துளையிலும் இரண்டு பள்ளங்கள் இருக்கும். உட்பள்ளத்தில் ஆயிலைத் தடுக்கும் சீலும், வெளிப்பள்ளத்தில் தூசியைத் தடுக்கும் சீலும் அமர்ந்திருக்கும். பழைய சீல்களை மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்ததும், பள்ளத்தின் மூலைகளில் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காணலாம். அது அலுமினியம் அரித்ததால் உண்டான பொருக்கு. சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனை நெரிப்பது அதுதான். ஸ்க்ரூடிரைவர் கீறல் விழுந்தால் ஆயில் கசியும் என்பதால், மரக்குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் மட்டுமே பொருக்கைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் இந்தச் சீல்களின் பக்கம் வரக்கூடாது, ரப்பர் உப்பிவிடும். பிஸ்டனின் மேற்பரப்பில் நகத்துக்குத் தட்டுப்படும் துருக்குழி இருந்தால் உப்புத்தாளால் தேய்க்காமல் புதிதாகவே மாற்றிவிடுங்கள்.

புதிய சீல்களைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பள்ளத்தில் அமர்த்தி, எங்கும் முறுக்கில்லை என்பதை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். ஆயில் பூசிய பிஸ்டன், இரு கட்டைவிரல்களின் அழுத்தத்திலேயே நேராக உள்ளே போக வேண்டும். சாய்ந்தால் சுத்தியலைத் தேடாமல் வெளியே எடுத்து மீண்டும் முயலுங்கள். காலிப்பர் நகரும் பின்களைத் துடைத்துச் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் புதிய செப்பு வாஷர் போட்டு, பேடுகளையும் காலிப்பரையும் திரும்ப மாட்டி, எல்லாப் போல்ட்டுகளையும் மேனுவலில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு முடுக்குங்கள்.

ஆயில், ரிசர்வாயர் (ஆயில் ஊற்றும் தொட்டி) மூடியில் எழுதியுள்ள வகையாக இருக்க வேண்டும். டாட் 4 என்ற வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலைக்கான வரம்பு 155 தான். எனவே திறந்து நாளான பாட்டில் வேண்டாம். ரிசர்வாயரில் ஆயிலை நிரப்பிய பின், காற்றை வெளியேற்றக் காலிப்பரில் உள்ள நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயிலுள்ள பாட்டிலில் மூழ்கவிட்டு, லீவரை அழுத்திப் பிடித்தபடியே நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே லீவரை விடுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை இதைச் செய்யும்போது ரிசர்வாயர் வற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.

லீவரை ஒரு நிமிடம் இறுகப் பிடித்துப் பாருங்கள். அது மெல்ல உள்ளே இறங்கினாலோ, எங்காவது ஈரம் கசிந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். இறங்காவிட்டால், லீவரை விட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பேட் லேசாக உரசும் ஓசையோடு அது தடையின்றிச் சுற்றினால், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகு சாலைக்குக் கொண்டுபோகலாம்.