மூன்று சக்கர ஏடிசி: வேறு வருட மாடலின் பின் ஆக்ஸிலை மாட்டுவது எப்படி?

"எல்லாம் ஒண்ணுதான் சார், உள்ளே போயிடும்." பழைய பாகம் வாங்கப் போனால் புதுப்பேட்டையில் நாலு கடைக்கு ஒரு கடையில் இந்த வசனம் காதில் விழும். பொய் இல்லை, பல சமயம் உள்ளே போகத்தான் செய்யும். போன பிறகு சரியாக உட்காருகிறதா என்பதில்தான் சிக்கல்.

என்னிடம் இருப்பது ஒரு ஹோண்டா ஏடிசி (ஆல் டெரெய்ன் சைக்கிள்) 200 எக்ஸ். ஆட்டோ இல்லை. முன்னால் ஒரு குண்டு டயர், பின்னால் இரண்டு, பிடிக்க பைக் மாதிரி ஹேண்டில்பார். மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. ஹோண்டா இந்த வகையை 1970-ல் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. விபத்துகள் பெருகியதால் 1988-ல் அந்நாட்டு அரசுடன் நிறுவனங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு அங்கே புது மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றுபோனது. ஆக, இன்று ஓடுகிற எந்த வண்டியும் இன்னொரு வண்டியின் உறுப்பை வைத்துத்தான் பிழைக்கிறது. 200 எக்ஸிலேயே 1983 முதல் 1985 வரை ஒரு தலைமுறை, 1986-87 இன்னொரு தலைமுறை. பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

என் வண்டியின் பின் ஆக்ஸில் வளைந்திருந்தது. கிடைத்த மாற்று வேறு வருடத்துடையது. துபாயிலிருந்து வந்த மச்சான் அதைத் துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தார். அது என்ன இரும்புத் தடி என்று ஏர்போர்ட்டில் விளக்கம் சொன்ன கதையை இன்னும் வீட்டு விசேஷங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். ஆட்டோவில் டிஃபரன்ஷியல் உண்டு, இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி ஷாஃப்ட். இதில் அதெல்லாம் கிடையாது. ஒரே தடி, இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். தடியின் நடுப்பகுதி ஒரு உருளை வடிவக் கூட்டுக்குள் ஓடுகிறது. இதை கேரியர் என்பார்கள். அதற்குள் இரண்டு பேரிங், அவற்றுக்கு நடுவில் காலர் என்கிற துண்டுக் குழாய், இரண்டு ஓரத்திலும் ஆயில் சீல். கேரியருக்கு ஒரு பக்கம் செயின் ஸ்பிராக்கெட், மறுபக்கம் பிரேக். கடைசியாக இரு முனைகளிலும் சக்கர ஹப். ஹப் நழுவாமல் இருக்க ஆக்ஸிலில் வெட்டியிருக்கும் பற்களுக்கு ஸ்பிளைன் என்று பெயர்.

படி 1: கழற்றுவது

சக்கரம் தரையில் இருக்கும்போதே, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹப் நட்டைத் தளர்த்திவிடுங்கள். முதலில், நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் ஸ்பிலிட் பின்னை எடுக்க மறக்காதீர்கள். அப்புறம் வண்டியைத் தூக்கி மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். ஒன்றையொன்று இறுக்கி நிற்கிற இரட்டை லாக் நட்டுகள்தான் பிடிவாதம் பிடிக்கும். கடலோர வண்டி என்றால் உப்புக் காற்றில் துரு ஏறியிருக்கும். முந்தின இரவே துருநீக்கி அடித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆக்ஸிலை வெளியே தட்டும்போது முனையில் நட்டை மரையோடு மட்டமாகத் திருகி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். சுத்தியல் நேராக மரையில் பட்டால் அந்த முனை போச்சு. கழற்றிய வரிசையிலேயே வாஷர், காலர் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் பரப்பிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாக எண்

ஹோண்டா பாக எண்ணில் மூன்று துண்டுகள் இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். நடுத் துண்டு எந்த மாடலுக்காக அதை முதலில் செய்தார்கள் என்பதற்கான குறியீடு. கடைசித் துண்டு திருத்தங்களுக்கானது. இரண்டு வருடத்துப் பாகப் பட்டியலிலும் முழு எண்ணும் ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். நடுத் துண்டு மாறியிருந்தால் வெர்னியர் அளவுகோலை எடுங்கள்.

படி 3: அளப்பது

அவசரப்பட்டால் காசு போகிற இடம் இது. ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எண்ணினால் தப்பாது. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் விட்டம் வேறாக இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். பேரிங் உட்காரும் இடத்து விட்டம், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளம், ஹப்பில் போல்ட் ஓட்டைகளின் தூரம் எல்லாவற்றையும் இரண்டு ஆக்ஸிலிலும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு ஓட்டை ஹப் என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும்.

பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம். 6206 என்றால் 30 மில்லிமீட்டர், 6007 என்றால் 35. இப்போது வேடிக்கையைப் பாருங்கள்: இரண்டுக்குமே வெளி விட்டம் 62-தான். அதாவது ஒரே கூட்டுக்குள் இரண்டும் "உள்ளே போயிடும்". ஆனால் 6206-இன் அகலம் 16, 6007-இன் அகலம் 14. அந்த இரண்டு மில்லியை யாராவது நிரப்பியாக வேண்டும்.

செயினுக்கும் இதே கதை. இந்த வண்டிகளில் பரவலாக இருப்பது 520. நம் ஊர் பைக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 428. முதல் இலக்கம் பிட்ச், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று: ஒன்று ஐந்து பங்கு, மற்றது நாலு. ஒன்றின் ஸ்பிராக்கெட்டில் மற்றதன் செயின் உட்காரவே உட்காராது.

வாங்கிய ஆக்ஸில் நேராக இருக்கிறதா என்பதை லேத் பட்டறையில் இரண்டு சென்டருக்கு நடுவே நிறுத்தி, டயல் கேஜ் (சிறு விலகலையும் முள்ளில் காட்டும் அளவுமானி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். அம்பத்தூர் பக்கம் இதை ஐந்து நிமிடத்தில் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். வளைந்ததை நிமிர்த்தலாம், வெட்டி வெல்டு வைத்து நீளத்தைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பதமேற்றிய இரும்பு, வெல்டு வைத்த இடத்துப் பக்கத்திலேயே ஒருநாள் முறியும்.

படி 4: பேரிங்கும் காலரும்

புது பேரிங்கை பாலிதீன் உறையில் இறுக்கிச் சுற்றி இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். கேரியரை மறுநாள் மதியம் மொட்டைமாடியில் காய விடுங்கள். குளிரில் பேரிங் சுருங்கும், சூட்டில் கூடு விரியும். சித்திரை வெயில் நமக்கு உதவுகிற ஒரே வேலை இதுதான். கூட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே மேலே வைத்துத் தட்டலாம்.

நான் கோட்டைவிட்டது காலரில். ஆக்ஸிலோடு கேரியரையும் வேறு வருடத்துடையதாக மாற்றியிருந்தேன், காலர் மட்டும் என் பழைய வண்டியுடையது. கையில் வைத்துப் பார்த்தேன், ஒரே மாதிரி இருந்தது, மாட்டினேன். லாக் நட்டை இறுக்க இறுக்க ஆக்ஸில் கனத்துக்கொண்டே போனது. புது பேரிங் அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தோட்டத்தில் முக்கால் மணி நேரம் ஓட்டியிருப்பேன், கேரியரில் கை வைத்தால் சுட்டது. கழற்றி அளந்தால் காலர் ஒன்றரை மில்லி குட்டை. நட்டை இறுக்கும்போது இரண்டு பேரிங்கின் உள் வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கியிருக்கின்றன. இரண்டு பேரிங்கும் குப்பைக்கு. "பெரிய பாகத்தையெல்லாம் அளந்தியே தம்பி, இந்தத் துண்டுக் குழாயை அளந்தியா?" என்று கேட்டார் லேத் மாஸ்டர். புதுக் காலர் கடைந்து தந்ததற்கு அவர் வாங்கிய கூலி பேரிங் விலையைவிடக் குறைவு.

அதனால், சீல் போடும் முன்பே காலரோடு சேர்த்து ஒருமுறை வெறுமனே மாட்டி, நட்டை முழுதாக இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். இறுக்குவதற்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி சுற்றினால் சரி. கனத்தால் காலர் குட்டை. பக்கவாட்டில் ஆடினால், பேரிங் கூட்டுக்குள் அடிவரை உட்காரவில்லை, அல்லது காலர் நீளம்.

படி 5: நேர்கோடு

முன், பின் ஸ்பிராக்கெட்டுகளின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள். ஒரே கோட்டில் இல்லையென்றால் ஷிம் (மெல்லிய தகடு வளையம்) போட்டுச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் செயின் பல்லைத் தின்றுவிடும். பிரேக் டிஸ்க் கேலிப்பருக்கு நடுவில் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். செயின் தொய்வைக் கேரியரைச் சுழற்றித்தான் சரிசெய்வீர்கள், ஆகவே கடைசியில் கேரியர் போல்ட்டுகளை இறுக்க மறக்க வேண்டாம்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

உங்கள் வருடத்துச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு, இரட்டை லாக் நட்டுகளில் உள் நட்டை இறுக்கி, அதைப் பிடித்துக்கொண்டே வெளி நட்டை அதன்மேல் இறுக்குங்கள். ஹப்புக்குப் புது ஸ்பிலிட் பின். நட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு.

ஓட்டிப் பார்ப்பது சொந்த நிலத்தில் மட்டும், ஹெல்மெட்டோடு. இந்த வண்டி சாலைக்கானது இல்லை. கடற்கரை மணலும் வேண்டாம், வருட ஆரம்பத்தில் அங்கே ஆமைகள் முட்டையிட வரும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, கேரியரில் கை வைத்துப் பாருங்கள். பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது முறை எனக்குக் கை சுடவில்லை. கோடு மட்டும் மயிரிழை விலகியிருந்தது, மறுபடி இறுக்கினேன். அதற்கப்புறம் நகரவில்லை.