வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

பொங்கல், தீபாவளி, மே மாத லீவு வந்தால் சென்னையில் பல தெருக்கள் பாதி காலியாகிவிடும். கிரில் கேட்டில் பெரிய பூட்டாகப் பார்த்து ஒன்றைத் தொங்கவிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடுகிறோம். அந்தப் பூட்டிலேயே தவறு ஆரம்பிக்கிறது. வெளியே தொங்கும் பூட்டைப் பார்த்தாலே உள்ளே ஆள் இல்லை என்று தெருவில் போகிற யாருக்கும் தெரிந்துவிடும். கேட்டுக்குள் கையை விட்டு உட்பக்கமாகப் பூட்டுங்கள், மெயின் கதவுக்குக் கதவிலேயே பதிந்திருக்கும் பூட்டு போதும்.

பேப்பரில் 'பூட்டை உடைத்துத் திருட்டு' என்று போடுவார்கள். ஆனால் கடப்பாரையை விட்டு நெம்பினால் பூட்டுக்கு முன்னால் நாதாங்கிதான் பெயர்ந்து வரும், ஏனென்றால் அது அரை இஞ்ச் ஸ்க்ரூவில் நின்றுகொண்டிருக்கும். பூட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள், கதவு நிலையில் ஆழமாக இறங்குகிற மாதிரி நாலு நீள ஸ்க்ரூ போடுவதை யோசிப்பதே இல்லை. அப்புறம், முன்வாசலுக்குத் தேக்குக் கதவு, மொட்டை மாடிக்கு மழையில் ஊறிப்போன பிளைவுட் கதவு. இது என்ன கணக்கோ! பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை வெளியே நின்றே ஒவ்வொன்றாக உருவிவிடலாம், அதனால் உள்ளே கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாசலில் சேரும் பேப்பர், மூன்று நாளாகக் கோலம் இல்லாத படி, பட்டப்பகலிலும் எரியும் போர்டிகோ லைட், எல்லாமே காட்டிக்கொடுக்கும். லைட்டுக்கு டைமர் போடுங்கள், பேப்பரை நிறுத்தச் சொல்லுங்கள். கொடைக்கானல் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க ஊர் திரும்பும்வரை பொறுக்கலாம், குளிர் ஒன்றும் ஓடிவிடாது. ஏரியா காவல் நிலையத்தில் போகும் தேதியையும் வரும் தேதியையும் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். காசு கேட்காத இந்த வசதியைத்தான் நம்மில் பலர் கூச்சப்பட்டே விட்டுவிடுகிறோம்.

எனக்குப் புரியாத விஷயம் பீரோ சாவி. பீரோ மேல், மெத்தைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால்: எந்த வீட்டிலும் இந்த மூன்றில் ஒன்றுதான். வீட்டுச் சாவியை மீட்டர் பெட்டியிலோ செருப்பு ஸ்டாண்டிலோ வைப்பதும் இதே ரகம். நமக்குத் தெரிந்த இடம் திருடனுக்கும் தெரியும்.

கேமரா இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு கேள்வி: கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி எங்கே இருக்கிறது? ஹாலில் டிவி பக்கத்தில் என்றால், நகையோடு அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பரண் மேல் மறைத்து வையுங்கள், இல்லையென்றால் பதிவு இன்டர்நெட் வழியாக கிளவுடுக்குப் போய் வெளியே சேமிக்கப்படுகிற மாதிரி கேமரா வாங்குங்கள். மெயின் ஸ்விட்ச் வெளியில் இருந்தால், அதை அணைத்ததும் கேமராவும் நின்றுவிடும், அதனால் யுபிஎஸ்ஸும் வேண்டும்.

நகையை லாக்கரில் வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் கவனக்குறைவால் லாக்கரில் திருட்டு நடந்தால் வங்கி தர வேண்டிய இழப்பீடு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்குதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம், இன்றைய தங்க விலைக்கு ஒரு நல்ல சங்கிலிக்குத்தான் காணும். வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படி ஒன்று நடந்து, அதனால் 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் அதில் இடம் உண்டு. சாதாரணமாகப் பூட்டை உடைத்து நடக்கும் திருட்டுக்குத் தனியாகக் கவர் எடுக்க வேண்டும். நகை பில்லையும், ஒவ்வொரு நகையின் போட்டோவையும் வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி வைத்திருங்கள். எஃப்ஐஆரில் 'தங்கச் சங்கிலி ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால், பின்னால் மீட்ட நகையில் உங்களுடையது எது என்று காட்டுவது பெரும்பாடு.

திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே ஓடாதீர்கள், ஆள் இன்னும் உள்ளேயே இருக்கலாம். வெளியே நின்றே 100-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். கைரேகை எடுக்க ஆள் வரும்வரை இறைந்து கிடக்கும் துணியைக்கூட மடித்து வைக்க வேண்டாம்.