காசு கட்டியாச்சு, ஆனால் எதற்கு? வெளிநாட்டு நுழைவுக் கட்டணத்தில் நடக்கும் தவறுகள்

சிங்கப்பூர் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான்கு பேருக்கும் வருகை அட்டை (நாட்டுக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்பும் படிவம்) எடுத்து முடித்துவிட்டேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். ஆளுக்கு இருபது டாலருக்குக் கொஞ்சம் கூட ஆகியிருந்தது. அண்ணன் மகள் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது ஃப்ரீ" என்றாள்.

சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டுக்குக் கட்டணமே கிடையாது. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையும் அப்படித்தான். 2025 மே மாதம் தாய்லாந்து கொண்டுவந்த டிஜிட்டல் அட்டையும் இலவசம். கூகுளில் தேடினால் மேலே வருவது விளம்பரம். அந்தத் தளம் நாம் தரும் விவரங்களை வாங்கி, அரசுத் தளத்தில் நிரப்பி, நடுவில் ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறது. நான் மாட்டியது அப்படி ஒன்றில். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'நாங்கள் அரசு நிறுவனம் அல்ல' என்று போட்டிருந்தார்கள், எனவே சண்டை போடவும் வழியில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இந்த அட்டைகளைத் தரையிறங்குவதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். மூன்று வாரம் முன்பே வாங்கிக்கொள்கிறார்கள் என்றால் அங்கே இடையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அடுத்து இணைய முகவரியின் வாலைப் பாருங்கள். சிங்கப்பூருக்கு ஜிஓவி.எஸ்ஜி, தாய்லாந்துக்கு ஜிஓ.டிஹெச், இந்தோனேசியாவுக்கு ஜிஓ.ஐடி. முகவரியின் நடுவில் 'கவ்', 'விசா' என்றெல்லாம் யார் வேண்டுமானாலும் செருகலாம். வாலை அப்படிப் போட முடியாது.

இன்னொரு குழப்பமும் இங்கேயே வருகிறது. வருகை அட்டை விசா ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் போகிறவருக்கு விசா தனியாக வேண்டும், அதற்கு 30 சிங்கப்பூர் டாலர் கட்டணம். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. "கார்டு வந்துவிட்டது, விசா வந்துவிட்டது" என்று நம்பி விமான நிலையம் வரை போனால் செக்-இன் கவுன்டரோடு பயணம் முடிந்துவிடும்.

ஒன்றைக் கட்டிவிட்டு எல்லாம் கட்டியாயிற்று என்று நினைப்பது பாலி போகிறவர்களிடம் அதிகம். அங்கே இரண்டு கணக்கு. விசா ஆன் அரைவலுக்கு, அதாவது போய் இறங்கியதும் எடுக்கும் விசாவுக்கு, ஆளுக்கு 5,00,000 ரூபியா, இது இந்தோனேசிய அரசுக்கு. 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாணம் வெளிநாட்டுப் பயணிகளிடம் தனியாக 1,50,000 ரூபியா வாங்குகிறது. இதற்கு 'லவ் பாலி' என்ற மாகாணத் தளமோ செயலியோ போதும். கைக்குழந்தைக்கும் இரண்டும் உண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு மொத்தம் 26 லட்சம் ரூபியா! நெஞ்சைப் பிடிக்க வேண்டாம், நம் பணத்தில் பதினான்காயிரம் வாக்கில்தான் வரும். ஆனால் இந்தப் பூஜ்ஜியங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போய், ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக இருந்தாலும் 'சரி' என்று அழுத்திவிடுவோம். ஓடிபி அடிக்கும் முன் தொகையை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

பாலியிலிருந்து பக்கத்து மாகாணத்தில் இருக்கும் கிலித் தீவுகளுக்குப் போய்த் திரும்பினால் மாகாணக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். இந்தோனேசியாவை விட்டு வெளியேறாதவரை ஒரு தடவை கட்டியதே போதும். விசா 30 நாளுக்கு, வந்து இறங்கும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். இதை மறந்து ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அபராதம் நாளொன்றுக்கு 10,00,000 ரூபியா, அதாவது விசாவைப் போல இரண்டு மடங்கு.

பூட்டானில் கணக்கு வேறு. நிலையான வளர்ச்சிக் கட்டணம் என்று இந்தியர்களிடம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார்கள். மற்ற பெரும்பாலான நாட்டினருக்கு 2023 செப்டம்பரிலிருந்து 100 அமெரிக்க டாலர். பகலை எண்ணாமல் இரவை எண்ண வேண்டும். ஐந்து நாள் சுற்றுலா என்றால் நான்கு இரவு, 4,800 ரூபாய். ஐந்தாகப் பெருக்கி அனுப்பிவிட்டு முகவரிடம் மீதியைக் கேட்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். 6 முதல் 12 வயதுவரையிலான இந்தியக் குழந்தைகளுக்குப் பாதிதான் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இனி, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி: பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் பல பேருக்குக் காலியாக இருக்கும், படிவமோ அதைக் கேட்டு அடம்பிடிக்கும். அப்பா பெயரை நாமாக அங்கே நுழைத்தால் பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பெயர் விசாவில் வந்து உட்கார்ந்துவிடும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். பாஸ்போர்ட் எண்ணில் முதலில் வருவது மட்டும் எழுத்து, பின்னால் வரும் ஏழும் எண்கள். அங்கே 'ஓ' மாதிரி தெரிவது பூஜ்ஜியம். பணம் கட்டிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், பழைய எண்ணுக்கு வாங்கிய மின்விசா உதவாது. ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டு அப்புறம் கார்டை எடுங்கள்.

கார்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. புதிதாக வந்த டெபிட், கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்தேதான் இருக்கும், வங்கிச் செயலியில் போய்த் திறக்க வேண்டும். மூன்று தடவை தோற்றுப்போனதும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்டைக் கொடுப்பதற்கு முன் அதைச் செய்து பாருங்கள். பணம் போய்விட்டது, ஆனால் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் உடனே இரண்டாவது தடவை கட்டாதீர்கள். மின்னஞ்சலையும் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள், தளத்தில் விண்ணப்பத்தின் நிலை என்ன காட்டுகிறது என்று பாருங்கள், மறுநாள் வரைகூடப் பொறுக்கலாம். பாலியில் இறங்கிய பிறகு கவுன்டரிலேயே விசாவும் மாகாணக் கட்டணமும் கட்டலாம், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கட்டிய ரசீதைப் போனுக்குள் மட்டும் வைத்திருப்பது கடைசித் தவறு. இறங்கிய இடத்தில் நம் சிம் வேலை செய்யாது, மின்னஞ்சல் திறக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்கள் அண்ணன் மகள் எல்லாவற்றையும் கலரில் பிரின்ட் எடுத்து, நான் தண்டமாகக் காசு கட்டிய அந்தச் சிங்கப்பூர் ரசீதையும் சேர்த்துப் பின் அடித்து என் கையில் கொடுத்தாள்.