வகுப்பில் மீத்திறன் பிள்ளையைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது?

தொடக்கப் பள்ளி ஆசிரியர் யாரைக் கேட்டாலும் தன் வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளைகள் யார் என்று சட்டென்று சொல்லிவிடுவார். அந்தப் பட்டியல் இருக்கட்டும், ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அதில் பெரும்பாலும் நல்ல கையெழுத்தும் அடக்கமும் உள்ளவர்கள்தான் இருப்பார்கள்.

முதலில், விதிவிலக்கில்லாமல் எல்லாருக்கும் ஒரே அறிவுத்திறன் சோதனை வையுங்கள். ராவன் சோதனை மாதிரி படங்களை வைத்துக் கேட்பதுதான் என் தேர்வு, வகுப்பு மொழி சரியாக வராத பிள்ளையும் அதில் தெரிந்துவிடும். வெக்ஸ்லர் என்ற இன்னொரு அறிவுத்திறன் சோதனை விரிவானது, ஆனால் உளவியலாளர் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார வேண்டும். அதில் சராசரி 100, சுமார் 2 சதவீதம் பேர்தான் 130-ஐத் தாண்டுவார்கள். அதற்காக 130-ஐயே எல்லையாக வைத்து 128 எடுத்த பிள்ளையை வாசலில் நிறுத்துவது அபத்தம்.

கூடவே நோட்டையும் பாருங்கள். 48-ஐ 25-ஆல் பெருக்கச் சொன்னால் 1200 என்று மட்டும் எழுதிவிட்டு வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கு 'வழிமுறை இல்லை' என்று மதிப்பெண்ணைக் குறைக்குமுன் எப்படி வந்தது என்று கேளுங்கள். "நாலு இருபத்தஞ்சு நூறு, 48-ல பன்னிரண்டு நாலு இருக்கே" என்று பதில் வரலாம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்: சீக்கிரம் முடித்ததற்காக அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு! மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதில் அன்றைய கணக்குகளில் ரொம்பக் கடினமான ஐந்தை முதலில் போட விரும்புகிற யாரையும் போட விடுங்கள், நான்கு சரியென்றால் மீதி வேண்டாம். புதுப் பாடம் தொடங்குமுன்பே அதன் இறுதித் தேர்வை வைத்து, தெரிந்த பகுதியைத் தாண்டவிடுவதும் இதே யோசனைதான், அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி போன்றவர்கள் பரப்பியது.

மிச்சமாகும் நேரத்துக்கு வேலை தயாராக இல்லையென்றால் எல்லாம் வீண். ஒரு எண் 7-ஆல் வகுபடுமா என்று வகுக்காமலே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பல நாள் ஓடும். மெல்லக் கற்போருக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கும் குட்டி வாத்தியாராக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: ஒரு வகுப்பு தாண்டி உட்கார வைக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கணக்குக்கு மட்டும் மேல் வகுப்புக்கு அனுப்புவது சுலபம், இரண்டு வகுப்புக்கும் கணக்குப் பாடவேளை ஒன்றாக வந்தால் போதும். முழுசாகத் தாண்டுவதென்றால், அதை முடிவுசெய்ய உதவும் அயோவா அளவுகோல், பிள்ளைக்கே விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்கிறது. அண்ணனோ அக்காவோ படிக்கும் அதே வகுப்புக்கு ஏற்றவும் கூடாதாம்.