பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் முகாமையாளர் நேர்முகத் தேர்வு: கிழக்கிலங்கையிலிருந்து ஆயத்தமாவது எப்படி?

புரொடக்ட் முகாமையாளர் எதை, யாருக்காக, ஏன் உருவாக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர். செயற்றிட்ட முகாமையாளர் தீர்மானித்ததை உரிய காலத்தில் முடித்துக்கொடுப்பவர். விண்ணப்பித்த பதவி எதுவெனத் தெளிந்த பின்னரே ஆயத்தத்தைத் தொடங்குங்கள்.

இரு பதவிகளுக்கும் பொதுவானவை, முன்பு நீங்கள் செய்தவற்றைப் பற்றிக் கேட்கும் அனுபவக் கேள்விகள். அமேசன் நிறுவனம் தனது 16 தலைமைத்துவக் கொள்கைகளை ஒட்டியே இவற்றைக் கேட்கிறது. சூழ்நிலை, பொறுப்பு, செயல், விளைவு என்ற ஒழுங்கில் விடையை அமைத்து, செயலுக்கே அதிக நேரம் கொடுங்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அடக்கத்தோடு வளர்ந்தவர்கள் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிக்கொண்டு போவதால், அவர்களுடைய பங்கு என்னவென்று கேட்பவருக்குக் கடைசிவரை விளங்குவதில்லை. வெள்ள காலத்தில் நிவாரணப் பட்டியலை ஒழுங்குபடுத்திய ஒருவர், அதைச் சிறிய வேலையென எண்ணி மறைக்கக் கூடாது. இரட்டைப் பதிவுகளை எவ்வாறு கண்டுபிடித்தார், எதிர்த்தவர்களை எப்படி இணங்கச் செய்தார், அதனால் என்ன மாறியது என்பவற்றை "நான்" என்று சொல்லி விளக்குவது தற்பெருமை ஆகாது.

புரொடக்ட் பதவிக்கு வடிவமைப்புக் கேள்விகளும் உண்டு. மட்டக்களப்பு வாவி மீனவர்களுக்கு ஒரு செயலி வேண்டுமெனக் கொண்டு பயிற்சி செய்யுங்கள். உடனே வசதிகளை அடுக்காமல், இரவில் தோணியில் போகும் மீனவர், கரையில் காத்திருக்கும் வியாபாரி, வீட்டுக்கு மீன் வாங்குபவர் ஆகியோரில் ஒருவரைக் காரணத்தோடு தெரிவுசெய்யுங்கள். மீனவரைத் தெரிவுசெய்தால், கரைக்கு வருமுன் விலை தெரியாமையே அவருடைய சிக்கல் எனலாம். அப்போது வெற்றியை அளப்பது பதிவிறக்கங்களின் எண்ணிக்கையன்று, விலையறிந்து நடந்த விற்பனைகளின் எண்ணிக்கையே. எதைக் கைவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தெரிவுசெய்யும் திறனையே அவர்கள் தேடுகிறார்கள்.

ஓர் எண்ணிக்கையைத் தோராயமாகக் கணிக்கச் சொல்லும் மதிப்பீட்டுக் கேள்விகளுக்கு அடிப்படை எண்கள் சில கைவசம் இருக்கட்டும். 2012 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர் இருந்தனர். இதிலிருந்து குடும்பங்களையும் முச்சக்கரவண்டிகளையும் படிப்படியாகக் கணிக்கப் பழகலாம்.

விடைகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது; வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ உடன் படித்த ஒருவரை எதிரே இருத்தி, ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லி, குறுக்குக் கேள்வி கேட்கச் செய்யுங்கள்.

இணையவழி நேர்முகத் தேர்வுக்கு நேர வேறுபாட்டையும் கவனியுங்கள். அமேசனின் தலைமையகம் உள்ள அமெரிக்க நகரான சியாட்டிலில் காலை 9 மணி என்பது அங்குக் கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மாரி மழையில் மின்சாரம் போகலாம். மடிக்கணினியை முழுமையாக மின்னேற்றி, கைப்பேசித் தரவு இணைப்பையும் முன்னரே பரிசோதித்து வையுங்கள்.