வீட்டில் செதுக்கும் மர இறக்கை: எவ்வளவு நீளம் வரை போகலாம்?

இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டத்தை இரட்டித்தால் காற்றைப் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால், காற்றாலைக்கு இறக்கை செதுக்கத் தொடங்கும் எவருக்கும் ‘இன்னும் ஒரு முழம் நீட்டினால் என்ன?’ என்ற ஆசை எழுவது இயல்பு. மரத்தின் வலிமை மட்டும் அந்த ஆசைக்குத் தடையாக நிற்பதில்லை. நாசாவின் மோட்-0ஏ சோதனைக் காற்றாலையில், 38 மீட்டர் விட்டத்துக்கு, மெல்லிய மரத் தகடுகளை எபாக்சி என்ற பிசினால் ஒட்டிச் செய்த இறக்கைகளும் பொருத்தப்பட்டுச் சுழன்றன. வீட்டில் செய்பவருக்கு எல்லையாக அமைவன கிடைக்கும் பலகை, அதிலுள்ள குறைகள், எடையைச் சமப்படுத்தும் திறமை ஆகியவையே.

படி 1: விட்டத்தை முடிவு செய்யுங்கள்

முதல் முயற்சிக்கு 2 முதல் 2.4 மீட்டர் வரையிலான விட்டம் போதும். மூன்று இறக்கைகளும் 2.4 மீட்டர் விட்டமும் கொண்ட ஆலை, நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் ஏறத்தாழ 700 வாட் தரலாம். இரண்டாம் முறை செய்யும்போது 3 அல்லது 3.6 மீட்டருக்குப் போகலாம். ஒவ்வோர் இறக்கையையும் ஒரே பலகையிலிருந்து செதுக்குவதாக இருந்தால், 4.2 மீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்கப் பண்ணைகளில் 1930களில் புகழ்பெற்றிருந்த ஜேக்கப்ஸ் காற்றாலைகளும் ஏறத்தாழ 14 அடி விட்டத்தில், ஸ்ப்ரூஸ் மர இறக்கைகளோடுதான் ஓடின.

படி 2: விசையைக் கணக்கிட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிடாதீர்கள். பேனாவும் தாளும் இருந்தால் பத்து நிமிட வேலைதான். இறக்கையின் நுனி காற்றைப் போல 6 மடங்கு வேகத்தில் செல்வதாகக் கொண்டால், 10 மீட்டர் வேகக் காற்றில் நுனி வேகம் நொடிக்கு 60 மீட்டர், 2.4 மீட்டர் விட்டத்துக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 480 சுற்று. இறக்கை ஒன்றின் எடை 1.5 கிலோ என்றும், அதன் எடைமையம் அச்சிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அதை வெளியே இழுக்கும் விசை சுமார் 170 கிலோ எடைக்குச் சமம். மின்சுமை அறுந்து, ஆலை கட்டுமீறி இரு மடங்கு வேகத்தில் சுற்றினால் அதே விசை 690 கிலோவை நெருங்கும்.

இப்போது எல்லா அளவுகளையும் இரட்டித்துப் பாருங்கள். நுனி வேகம் மாறாதவரை இழுவிசை நான்கு மடங்காகிறது, அதைத் தாங்கும் குறுக்குவெட்டும் நான்கு மடங்காகிறது. ஆகவே மரத்துக்குள் இருக்கும் தகைவு, அதாவது குறுக்குவெட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் விழும் விசை, கூடுவதில்லை. ஆனால் இறக்கையின் எடை எட்டு மடங்காகி, அந்த எடையால் அடிப்பகுதியில் ஏற்படும் வளைப்பு 16 மடங்காக ஏறும்போது, வளைவைத் தாங்கும் வலு எட்டு மடங்குதான் கூடுகிறது. காற்றின் திசை மாறி ஆலை திரும்பும்போது ஏற்படும் உலுக்கலும் அளவோடு சேர்ந்து வளரும். பெரிய இறக்கைகள் அடியில் முறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: பலகையைத் தேர்ந்தெடுங்கள்

2.4 மீட்டர் விட்டத்துக்கு 120 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் கனம் உள்ள மூன்று பலகைகள் தேவை. 3.6 மீட்டருக்கு மூன்று அளவுகளும் ஒன்றரை மடங்காகும். அந்த அகலத்திலும் கனத்திலும் கணு இல்லாமல், நன்றாக உலர்ந்த பலகை கிடைப்பது எளிதன்று. பைன், சிடார், ஸ்ப்ரூஸ் போன்ற எடை குறைந்த, நேரான இழையோட்டம் உள்ள மரங்கள் ஏற்றவை.

குறையற்ற மரத்தின் வலிமை இந்த அளவுகளுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கணுவைச் சுற்றி இழைகள் வளைந்து ஓடுவதால், வலிமை அவ்விடத்தில் திடீரென்று விழுந்துவிடும். என் முதல் பலகையில் சுண்டுவிரல் நகமளவு கணு ஒன்று இருந்தது. அது கீழ் முகத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். செதுக்கி முடித்து, அடிப்பகுதியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி நுனியைக் கையால் அழுத்தியபோது, சரியாக அந்தக் கணுவின் ஓரத்திலிருந்து வெடிப்பு ஓடியது. கம்பத்தின் மேல் அது நடந்திருக்கலாம். அடிப்பகுதியிலிருந்து பாதி நீளம் வரை கணு இருந்தால் அந்தப் பலகையை ஒதுக்கிவிடுங்கள்.

படி 4: கோணங்களைக் குறித்துச் செதுக்குங்கள்

நுனியில் 2 முதல் 3 பாகை, நடுவில் 8 அல்லது 9, அச்சிலிருந்து கால்பங்குத் தொலைவில் 20 பாகை என்ற அளவில் முறுக்கு (இறக்கை சுழலும் தளத்திலிருந்து அதன் முகம் சாய்ந்திருக்கும் கோணம்) இருக்க வேண்டும். கோட்பாட்டின்படி பார்த்தால் அந்தக் கால்பங்கு இடத்தில் அகலம் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். 15 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் ஆரத்தின் உட்பாதி பெறுவது மொத்தப் பரப்பில் கால்பங்கு மட்டுமே. அங்கே 20 பாகைக்குப் பலகையின் கனம் சற்றுப் போதாது. அதே மரத்தில் ஓர் ஆப்பு சீவி எபாக்சியால் ஒட்டினால் குறை தீரும். நுனிப் பக்கத்தில் அகலம் 7 அல்லது 8 சென்டிமீட்டர் போதும்.

காற்றை நோக்கும் முகத்தை முதலில் முடித்துவிட்டுப் பின்புறத்துக்குச் செல்லுங்கள். இழைப்புளி இழையைப் பிய்க்கத் தொடங்கினால் எதிர்த் திசையிலிருந்து தள்ளுங்கள்.

படி 5: எடையைச் சமப்படுத்துங்கள்

நீளம் கூடக்கூட இந்தப் படிதான் கடினமாகும். 2.4 மீட்டர் ஆலையில் ஒரு நுனி மட்டும் 10 கிராம் கூடுதலாக இருந்தால், மேற்சொன்ன வேகத்தில் அது அச்சைச் சுமார் 3 கிலோ விசையோடு நொடிக்கு எட்டுமுறை உலுக்கும். மூன்று இறக்கைகளையும் குடத்தில் (அவை அச்சோடு சேரும் நடுப்பகுதியில்) பொருத்தி, காற்றில்லாத அறையில் அச்சைக் கிடையாக வைத்துச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால், எதிர்ப்புறத்து இறக்கைகளின் அடிப்பகுதியில் சிறு ஈயத் துண்டுகளைத் திருகிச் சரிசெய்யுங்கள். பூச்சு மூன்றுக்கும் ஒரே அளவில் ஏறாது. ஆகவே பூசிக் காய்ந்த பிறகே இதைச் செய்யுங்கள். முதல் மழைக்காலம் கழிந்ததும் இறக்கைகளைக் கீழிறக்கி, இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். எந்த இறக்கை ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.